பெயர் சொல்லாத அழுங்கு

மருதவனத்தில் கருமடு என்றொரு நீர்நிலை இருந்தது. எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. ஆயினும் கோடை வந்தால் அந்தக் காட்டின் விலங்குகள் நா வறண்டு அலைந்தன. கண்ணெதிரே நீர் இருந்தது. தொண்டையில் தாகமும் இருந்தது.

அந்தக் காட்டின் அரசன் வேழமாறன் என்னும் முதிய யானை. அங்கே யானை என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். அவன் நடந்தால் விளாமரத்துப் பழங்கள் தாமாகவே உதிர்ந்தன. பறிக்கும் வேலை மிச்சமாயிற்று என்று அணில்கள் மட்டும் மகிழ்ந்தன.

ஒரு நாள் அவையில் வேழமாறன் கேட்டான்: "மடு நிறைய நீர் இருக்கிறது. என் குடிகளின் முகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு வறட்சி?"

அமைச்சன் கோலவாணன் தோகையை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டான். அவன் ஒரு மயில். எதைச் சொல்வதற்கு முன்பும் தோகையைச் சிலிர்ப்பது அவன் வழக்கம். பல நேரங்களில் சிலிர்ப்பே சொல்லைக் காட்டிலும் பொருளுடையதாக இருந்தது.

"சோம்பல்தான் மன்னா, வேறென்ன? சிறிய விலங்குகளுக்கு எழுந்து மடுவரை நடக்க மனமில்லை. அவர்களை மலையடி ஓடைக்குக் குடியேற்றிவிடலாம். அங்கே நீர் அவர்கள் வாசலிலேயே ஓடும்."

"மலையடியில் சிறுத்தைகள் இருக்கின்றனவே."

"இருக்கின்றன. அதனால்தான் அங்கே போனால் சோம்பல் போய்விடும் என்கிறேன்."

வேழமாறன் காதுகளை அசைத்தான். அவன் கொடியவன் அல்லன். அவசரக்காரன், அவ்வளவே. "ஒருவரையும் கேளாமல் குடிபெயர்ப்பது முறையாகாது. யாராவது காடு முழுதும் சென்று கேட்டு வரட்டும். பிறகு ஆணை இடுகிறேன்" என்றான்.

யாரை அனுப்புவது? கிளியை அனுப்பலாம் என்றார் ஒருவர். கிளி, கேட்டதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வரும். நரியை அனுப்பலாம் என்றார் இன்னொருவர். நரி, கேள்வியோடு விடையையும் தானே கொண்டுபோகும். கடைசியில் அழுங்கின் பெயர் வந்தது.

அழுங்கைப் பார்த்திராதவர்கள் பலர். அது அழுங்கின் குற்றம் அன்று. தலை முதல் வால் வரை ஓடு ஓடாகச் செதில் போர்த்தது. எறும்பும் கறையானும் தின்று வாழ்வது. அச்சம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது. அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை. மருதவனத்து அழுங்கின் பெயர் செதிலி. பல்லில்லாதவளிடம் பேச முயலும் அஞ்சாது, புலியும் வெட்கப்படாது. ஆகவே எல்லோரும் உடன்பட்டனர். எறும்புகளைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும். எறும்புகளை யாரும் கேட்கவில்லை.

செதிலி வேலையை முறையாகச் செய்பவள். எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒரே சொற்களில், ஒரே குரலில் கேட்டாள்: "மடுவில் நிம்மதியாக நீர் குடிக்கவிடாமல் உங்களைத் தடுப்பது எது?" ஆளுக்கேற்றபடி கேள்வியை வளைத்தால் விடையும் வளைந்தே வரும் என்பது அவளுக்குத் தெரியும். கேள்விக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கும் கொடுத்தாள்: "நீங்கள் சொல்வது அவைக்குப் போகும். சொன்னவர் பெயர் போகாது."

முதலில் சருகுமான் துள்ளியிடம் போனாள். முயலைவிடச் சற்றே பெரிய உடல், குச்சி போன்ற கால்கள், காலடியில் ஒரு குட்டி. துள்ளி நாற்புறமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மன்னர் வருவதற்கு முன்னால் அவருடைய அதிர்வு வந்துவிடுகிறது அக்கா. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடிவிடுகின்றன. என்ன ஏது என்று நானும் அவற்றோடு ஓடுகிறேன். திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இதைச் சொன்னது நான் என்று தெரிந்தால் என்ன ஆகும்?"

"தெரியாது" என்றாள் செதிலி.

அடுத்தது காட்டுப்பன்றி கோரையன். அவன் முதலில் உறுமினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நான் சேற்றில் புரண்டால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்க்கக் கூசி, ஒருவரும் வருமுன்பே வந்து, அவசர அவசரமாகப் புரண்டு, மடுவைக் கலக்கிவிட்டுப் போகிறேன். கரையோரம் ஒரு சேற்றுக்குழி இருந்தால் மடுவுக்குள் எதற்கு இறங்கப் போகிறேன்? ஆனால் வெளியே விட்டுவிடாதே. முரடன் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சம்பாதிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"விடமாட்டேன்" என்றாள் செதிலி.

அமைச்சனையும் அவள் விட்டுவைக்கவில்லை. கோலவாணன் முதலில் கேள்வியின் அமைப்பைக் குறைகூறினான். பிறகு அவளை ஒரு புதருக்குப் பின்னால் அழைத்துப்போய் மெல்லச் சொன்னான். சொன்னது என்ன என்பது பின்னால் வரும்.

கடைசியில் அரசனிடமே போய் நின்றாள்.

"என்னையுமா?" என்று சிரித்தான் வேழமாறன்.

"தாங்களும் அந்த மடுவில்தானே நீர் குடிக்கிறீர்கள் மன்னா?"

வேழமாறனின் சிரிப்பு நின்றது. இந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தும்பிக்கையால் தரையில் கோடு கிழித்தபடி அவன் சொன்னான்:

"நான் போய் நின்றால் கருமடு ஆளொழிந்த சுடுகாடு போலாகிவிடுகிறது. ஒரு தவளைகூடக் கத்துவதில்லை. தனியே நின்று குடித்தால் தண்ணீர் தொண்டையில் இறங்குமா? அதனால்தான் ஓட்டமாக வந்து, இரண்டு வாய் குடித்துவிட்டு, ஓட்டமாகப் போய்விடுகிறேன். இது என் வாயிலிருந்து வந்தது என்று காற்றுக்கும் தெரியக் கூடாது. அரசன் அழுதான் என்று சொல்லிவிடுவார்கள்."

"தெரியாது மன்னா" என்றாள் செதிலி. அவள் ஒருவருக்குச் சொன்ன அதே குரலில்தான் எல்லோருக்கும் சொன்னாள்.

இளவேனில் முழுதும் இப்படிக் கேட்டு, கேட்டதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, முதுவேனில் பிறந்தபோது அவள் அவைக்கு வந்தாள்.

அவையில் செதிலி செய்த முதற்பிழையை மறைப்பதில் பயனில்லை. கற்றவர்கள் செய்யும் பிழைதான் அது. கேட்கச் சென்ற முறை, கேட்ட வரிசை, கேட்டதை வகுத்த விதம், வகுத்ததை மீண்டும் சோதித்த விதம் என்று அவள் தொடங்கினாள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் முன்னுரை முடியுமுன் கரடி உறங்கிவிட்டது. முதற்பகுதி முடியுமுன் ஆந்தை உறங்கியது. பகலில் அது உறங்குவது இயல்புதான், ஆயினும் அன்று குறட்டையும் விட்டது. கோலவாணன் ஒவ்வோர் இறகாகக் கோதிக்கொண்டிருந்தான்.

"சுருக்கமாகச் சொல் செதிலி" என்றான் வேழமாறன். "ஏன் தாகம்?"

"சோம்பல் அன்று மன்னா, அச்சமும் கூச்சமும். மடுவுக்கு வராதவர் எவரும் இல்லை. வந்து ஓடுகிறவர்களும் ஒளிந்து வருகிறவர்களும்தான் இருக்கிறார்கள்."

"யாரைக் கண்டு அச்சம்?"

செதிலி, ஆய்வை அரைகுறையாகச் சொல்வது ஆய்வு ஆகாது என்று எண்ணி, இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

"ஒருவர் கூற்றை, சொன்னவர் தெரியாதபடி, ஒப்பிக்கிறேன் மன்னா. 'யானை போய் நின்றால் கருமடு ஆளொழிந்த சுடுகாடு போலாகிவிடுகிறது. தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை.'"

அவை விழித்துக்கொண்டது. கரடியும்கூட.

வேழமாறனின் காதுகள் விறைத்து நின்றன. யானை எதையும் மறக்காது என்று உலகம் சொல்கிறது. அது உண்மைதான், பிறர் தன்னிடம் சொன்னதை யானை மறப்பதில்லை. தான் பிறரிடம் சொன்னதை மறப்பதில் அதற்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

"சுடுகாடா? என் மடுவைச் சுடுகாடு என்றவன் எவன்?"

"பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் மன்னா."

"யாருக்கு?"

"எல்லோருக்கும்."

"அரசன் கேட்டாலுமா?"

"அரசர் கேட்டாலும்தான்." செதிலி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மன்னா, தங்களிடம் தனியே ஒரு சொல் பேச அனுமதி வேண்டும்."

கோலவாணன் தோகையைச் சிலிர்த்தான். "அவையில் சொல்லக் கூடாததைத் தனியே சொல்வதற்குச் சூழ்ச்சி என்று பெயர் மன்னா. பெயரில்லாத பேச்சை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்த முடியுமா? இது அவளே புனைந்ததாகவும் இருக்கலாம்."

"சரியாகச் சொன்னாய்" என்றான் வேழமாறன். சினத்தில் இருப்பவருக்கு முதலில் காதில் விழுவது எல்லாமே சரியாகத்தான் இருக்கும். "செதிலி, கேள். அடுத்த அவைக்குள் அந்தப் பெயரைச் சொல். சொன்னால் அவன் ஒருவன் காட்டைவிட்டுப் போவான். சொல்லாவிட்டால் உன் ஆய்வு செல்லாது. அமைச்சர் சொன்னபடி சிறியவர்கள் எல்லோரும் மலையடிக்குப் போவார்கள்."

செதிலி சுருண்டுகொண்டாள். கரடி தட்டிப் பார்த்தது. நரி உருட்டிப் பார்த்தது. கோலவாணன் அலகால் கொத்திப் பார்த்து அலகைத் தடவிக்கொண்டான். பந்து திறக்கவில்லை. கடைசியில் அதை மேட்டிலிருந்து உருட்டிவிட்டார்கள். அது உருண்டு உருண்டு போய் ஒரு புங்கமரத்தின் வேரில் முட்டி நின்றது.

அந்த வேரடியில் துள்ளி குட்டியோடு படுத்திருந்தாள்.

"செதிலி அக்கா, உள்ளே இருக்கிறாயா?"

"இருக்கிறேன்" என்றது பந்து.

"எங்களை மலையடிக்கு அனுப்பப் போவதாகக் குரங்குகள் கத்திக்கொண்டு போகின்றன. உண்மையா?"

பந்து மெல்லத் திறந்தது. "ஒரு பெயரைச் சொன்னால் அனுப்பமாட்டார்கள். நான் சொல்லமாட்டேன்."

துள்ளி குட்டியைப் பார்த்தாள். பிறகு செதிலியைப் பார்த்தாள். "என் பெயரா?"

"இல்லை. உன் பெயரே ஆனாலும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆகவே அந்த விடையால் உனக்குப் பயனில்லை."

"நல்ல ஆறுதல் சொன்னாய்." துள்ளி எழுந்து நின்றாள். "ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ வந்து கேட்டாய், நாங்கள் சொன்னோம். எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டினாயா? எல்லோரும் என்ன சொன்னார்கள், அதிலிருந்து உனக்கு என்ன தெரிந்தது என்று எங்களுக்கு யார் சொன்னது? எங்கள் சொல்லை நீ மன்னருக்கு மட்டும்தான் கொண்டுபோனாய். இப்போது அது எங்கள் தலையிலேயே வந்து விழுகிறது."

செதிலி முழுதாக விரிந்து எழுந்தாள். அவள் அவ்வளவு கற்றவள். இதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. கேட்டது காட்டிடம், சொன்னது அவையிடம் மட்டும். காடு தான் சொன்னதைத் தானே இன்னும் கேட்கவில்லை.

"நாளை நண்பகலில் எல்லோரையும் கருமடுக் கரைக்கு வரச்சொல்" என்றாள். "முன்னுரை இருக்காது என்றும் சொல்."

மறுநாள் நண்பகலில் கரை நிறைந்தது. முயல்கள், கீரிகள், உடும்புகள், கௌதாரிகள், புள்ளிமான்கள், எல்லோருக்கும் பின்னால் வேண்டாவெறுப்பாக வந்தவன் போலக் கோரையன். மருதமரத்தின் உச்சிக் கிளையில் இலைகளுக்கிடையே நீலமாக ஏதோ தெரிந்தது. அமைச்சன் உளவுக்கு வந்திருந்தான். தோகை மட்டும் கிளைக்கு வெளியே தொங்கியது.

செதிலி ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள்.

"நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பிச் சொல்ல வந்தேன். பெயர் சொல்லமாட்டேன். முதலாவது: 'அவர் வருமுன் அவர் அதிர்வு வருகிறது. என் கால்கள் என்னைக் கேட்காமலே ஓடிவிடுகின்றன.'"

"அட, என் கால்களும் அப்படித்தான்!" என்றது ஒரு முயல்.

"என் கால்களும்" என்றது கீரி. "எனக்கு மட்டும்தான் அந்தக் கோளாறு என்று வெளியே சொல்லாமல் இருந்தேன்."

"நான்தான் சொன்னேன், நான்தான்" என்றாள் துள்ளி. அவள் சொன்னதைத் தாங்களும் சொன்னதாகப் பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான்.

"இரண்டாவது: 'நான் சேற்றில் புரண்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்க்கக் கூசி, ஒருவரும் வருமுன்பே வந்து போகிறேன்.'"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. புள்ளிமான் ஒன்று மெல்லக் கேட்டது: "இவ்வளவு கூச்சமுள்ளவர் யார்? நாங்கள் சுளித்தது சேற்றைப் பார்த்துத்தான். அவரைப் பார்த்து அன்று."

கோரையன் இருமினான். மீண்டும் இருமினான். பிறகு, "நான்தானப்பா" என்றான். "முரடன் பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். கனமாக இருக்கிறது."

சிரிப்பு எழுந்தது. "உனக்குக் கரையோரம் ஒரு குழி தோண்டித் தந்தால் மடுவை விட்டுவிடுவாயா அண்ணே?" என்றாள் துள்ளி.

"தோண்டித் தருவதா? கோரைப்பல் எதற்கு வைத்திருக்கிறேன்? இடத்தைக் காட்டுங்கள், நானே தோண்டிக்கொள்கிறேன்."

"மூன்றாவது" என்றாள் செதிலி. "'குனிந்து குடித்தால் தோகை சேறாகிறது. சேறான தோகையை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது. ஆகவே ஆளில்லாத வேளை பார்த்துத் தாகத்தோடு காத்துக்கிடக்கிறேன்.'"

எல்லோரும் மருதமரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தக் காட்டில் தோகையுடைய குடிமகன் ஒருவன்தான். உச்சிக் கிளை நடுங்கியது. ஓர் இறகு சுழன்று சுழன்று கீழே வந்து கோரையனின் மூக்கில் அமர்ந்தது.

செதிலியின் முகம் வாடியது. பெயரை மறைத்தவள் தோகையை மறைக்கவில்லை. "அது என் பிழை" என்றாள் மேலே பார்த்து. "மன்னிக்க வேண்டும்."

"இறங்கி வாரும் அமைச்சரே" என்றான் கோரையன். "சேறு எப்படிப் பூசிக்கொள்வது என்று நான் சொல்லித்தருகிறேன். அதில் எனக்கு அனுபவம் உண்டு."

கோலவாணன் இறங்கி வந்தான். அவனைப் பார்த்து ஒருவரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது; சிரித்தார்கள். ஆனால் உடனே ஒரு கௌதாரி வந்து, "நான் தோகையைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்கிறேன், குடியுங்கள்" என்றது. அவன் குடித்தான். வாயெடுக்காமல் குடித்தான். அவனுக்கிருந்த தாகம் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இனி ஒன்றே ஒன்று" என்றாள் செதிலி. "'யானை போய் நின்றால் கருமடு ஆளொழிந்த சுடுகாடு போலாகிவிடுகிறது. தண்ணீர் தொண்டையில் இறங்குவதில்லை.'"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் என்று யாரும் சொல்லவில்லை.

"நீயா?" "நான் இல்லை." "நீ?" "எனக்கு இவ்வளவு அழகாகப் பேசத் தெரியாது."

துள்ளி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். "மன்னர் வந்த பிறகு இந்தக் கரை எப்படி இருக்கும் என்று யாருக்காவது தெரியுமா?"

"எப்படித் தெரியும்? ஓடிவிடுகிறோமே" என்றது முயல்.

"நீங்கள், கோரையண்ணே?"

"அதற்கு முன்பே வீட்டில் இருப்பேன்."

"அமைச்சரே?"

"நான் அவையில் மட்டும்தான் மன்னரோடு இருப்பது" என்றான் கோலவாணன்.

"அப்படியானால் ஆளொழிந்த கரையை நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை" என்றாள் துள்ளி. "ஓடுகிறவர்கள் பார்க்க முடியாது. ஓடாமல் நிற்கிறவர் மட்டும்தான் பார்க்க முடியும்."

ஒரு தவளை பாதிக் கத்தலில் நிறுத்தியது. எல்லாக் கண்களும் செதிலியை நோக்கின. கல்லின்மேல் செதிலி இல்லை. ஒரு பந்து இருந்தது.

அப்போதுதான் தரை அதிர்ந்தது. விளாமரத்துப் பழங்கள் உதிர்ந்தன. நண்பகல் நீருக்கு வேழமாறன் வந்துகொண்டிருந்தான், வழக்கம்போல ஓட்டமாக.

எல்லோருடைய கால்களும் எல்லோரையும் கேட்காமலே திரும்பின. துள்ளியின் கால்களும் திரும்பின. அவள் கால்களைப் பார்த்து, "நில்லுங்கள்" என்றாள். குட்டி அவள் வயிற்றடியில் ஒண்டிக்கொண்டது. துள்ளி நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்துக் கீரி நின்றது. கீரி நிற்பதைப் பார்த்து முயல் நின்றது. கோரையன் ஓடும் வழக்கமில்லாதவன் போலத் தரையை முகர்ந்துகொண்டு நின்றான்.

வேழமாறன் மரங்களைத் தாண்டி வந்து திகைத்து நின்றான். கரை முழுதும் கண்கள். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாராவது வருகிறார்களோ என்று.

"ஏன் யாரும் ஓடவில்லை?" என்றான்.

"ஓட வேண்டுமா மன்னா?" என்றாள் துள்ளி.

"வேண்டாம்" என்றான் அவன் அவசரமாக. பிறகு அரசனுக்குரிய குரலில், "தேவையில்லை" என்று திருத்திக்கொண்டான்.

அவன் மெல்ல நடந்து வந்தான். அடியெடுத்து வைக்குமுன் எங்கே வைக்கிறோம் என்று குனிந்து பார்த்தான். அப்படி அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை. தும்பிக்கையில் நீர் முகந்து குடித்தான். ஒரு தவளை கத்தியது. இன்னொரு தவளை அதற்குப் பதில் சொன்னது. வேழமாறன் கண்களை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு நிறுத்தாமல் குடித்தான். வயிறு நிறைந்த பிறகும் குடித்தான். மிஞ்சிய நீரை மேலே வீசினான். அது எல்லோர்மேலும் மழையாக விழுந்தது. குட்டிச் சருகுமான் மூக்கை நக்கிக்கொண்டு இன்னும் வேண்டும் என்பதுபோல நிமிர்ந்து பார்த்தது.

"என்ன நீர் இது!" என்றான் வேழமாறன். "எத்தனை கோடை இதே மடுவில் குடித்திருக்கிறேன், இந்தச் சுவை இருந்ததில்லையே. நான் வந்து நின்றால் கருமடு எப்போதும் ஆளொழிந்த சுடு..."

தும்பிக்கை பாதி வழியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது.

கோலவாணன் தோகையைச் சிலிர்க்க மறந்தான்.

வேழமாறன் மெதுவாகக் கல்லின்மேல் இருந்த பந்தின் பக்கம் திரும்பினான்.

"செதிலி."

பந்து சிறிது திறந்தது. "மன்னா."

"அது நானா?"

"சொன்னவர் பெயரைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் மன்னா."

"சொன்னவனே வந்து கேட்கிறேன். எனக்கும் சொல்லமாட்டாயா?"

"சொன்னவரே தாங்கள் என்றால் தங்களுக்குத் தெரியும். என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?"

வேழமாறன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் வயிறு குலுங்கியது, பிறகு காதுகள், பிறகு கரை. விளாமரத்தில் மிச்சமிருந்த பழங்களும் உதிர்ந்தன. அந்த அதிர்வுக்கும் ஒருவரும் ஓடவில்லை.

"சுடுகாடு என்றவன் காட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஆணையிட்டவன் நான்தானே" என்றான் அவன், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. "அமைச்சரே, இப்போது நான் எந்த வழியாகப் போக வேண்டும்?"

"கருமடு வழியாக" என்றான் கோலவாணன். "குளித்துவிட்டுப் போகலாம் மன்னா." அந்த ஒரு நாள் அவன் சொன்ன யோசனை சிறந்ததாக இருந்தது.

அடுத்த அவை வரை யாரும் காத்திருக்கவில்லை. அந்தக் கரையிலேயே முடிவு செய்தார்கள். அரசன் மடுவுக்கு வருமுன் தொலைவிலிருந்து ஒரு பிளிறல் கொடுப்பான். பிறகு நடந்து வருவான், ஓடி வரமாட்டான். குடிப்பது எல்லோருக்கும் மேலைக்கரை, குளிப்பது கீழைக்கரை. சேற்றுக்குழி கோரையனுக்கு, வேண்டுபவர் எவருக்கும். தோகையைத் தூக்கிப் பிடிக்க முறை வைத்துக்கொள்வதென்று கௌதாரிகள் ஒப்புக்கொண்டன. அதற்கு ஈடாக மயில் நடனம் காட்ட வேண்டும் என்றும் கேட்டுப் பெற்றன. மலையடி ஓடையைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. சிறுத்தைகளுக்கு மட்டும் சற்று வருத்தம்.

"செதிலி, இன்னும் கேட்க வேண்டியவர் யாராவது உண்டா?" என்றான் வேழமாறன், அவள் கல்லைவிட்டு இறங்கும்போது.

"எறும்புகளைக் கேட்கவில்லை மன்னா."

"கேட்டுவிடேன்."

செதிலி உதட்டை நக்கிக்கொண்டாள். "அவற்றைக் கேட்க வேறொருவரை அனுப்புவதுதான் முறை" என்றாள்.

அன்று பொழுது சாயும்வரை கருமடுவில் தண்ணீர் தெறிக்கும் ஓசையும் சிரிப்பும் ஓயவில்லை.

மக்களைக் கேட்டு அறிந்ததை அரசின் செவியில் மட்டும் போட்டால் அது பாதி வேலையே. சொன்னவர் பெயரைக் காத்து, சொன்னதை ஊரறிய ஊரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் முழு வேலை.